தாங்கிப் பிடிக்கும் பட்டை

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நூறு மீட்டர் ஓட்டம் வைப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை முதல் இடமோ இரண்டாம் இடமோ எனக்கு உறுதி. ஒன்பதாம் வகுப்பில் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஓடினேன். "கையை வீசி ஓடு புள்ள" என்று பி.டி. டீச்சர் கத்தினார். வீசினால் மார்பு குலுங்கும், குலுங்கினால் வலிக்கும். கம்பிவேலிக்கு அப்பால் நிற்கிற பையன்கள் வேறு பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பில் "வயித்து வலி டீச்சர்" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவள்தான். அதன்பிறகு ஓடவேயில்லை.

முப்பது வருடம் கழித்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, வேகமாக நடங்கள், முடிந்தால் மெதுவாக ஓடுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், ஓடும்போது மார்பு குலுங்கி வலிப்பதைப் பற்றி உலகத்தில் எவ்வளவோ ஆராய்ந்திருக்கிறார்கள். என் காதுக்கு மட்டும் அது எட்டவேயில்லை. பெரிய மார்பு உள்ள பெண்கள் பலருக்கும் எட்டியிருக்காது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் உடற்கூறு. மார்பகத்துக்குள் தசை கிடையாது. பால் சுரப்பிகள், கொழுப்பு, அவற்றுக்கிடையே ஓடும் மெல்லிய இணைப்புத் திசுக்கள், வெளியே தோல், அவ்வளவுதான். அந்த இணைப்புத் திசுக்களை 19ஆம் நூற்றாண்டில் விரிவாக விவரித்தவர் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். இன்றும் அவை கூப்பர் தசைநார்கள் என்றே அழைக்கப்படுகின்றன. பெயரில் தசைநார் என்று இருந்தாலும் முழங்காலில் இருக்கிற கயிறு போன்ற நார்கள் அல்ல இவை. சிலந்தி வலை போல மெல்லியவை. நெஞ்சுத் தசை மார்பகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு எவ்வளவு உடற்பயிற்சி கொடுத்தாலும் முன்னால் இருக்கிற பாரத்தை அது தூக்கிப் பிடிக்காது. "தண்டால் எடு, சரியாகிவிடும்" என்று ஜிம்மில் சொல்வதை நம்ப வேண்டாம். பெரிய மார்பகம் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டலாம். அந்த எடையைத் தாங்க உடம்பு கொடுத்திருப்பது தோலும் இந்த வலையும்தான்.

இனி ஓடிப் பார்ப்போம். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு எழும்பி இறங்குகிறது. கால் தரையில் பட்டதும் எலும்புக்கூடு சட்டென்று நிற்கிறது, மார்பகம் நிற்பதில்லை. டிரைவர் பிரேக் போட்டதும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் முன்னால் சாய்வார்களே, அதேதான். உடம்பு அடுத்த அடிக்கு மேலே கிளம்பும்போது மார்பகம் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் அந்தக் கணத்தில் தோல் விரிகிறது, வலை இழுபடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இது ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஜோவன்னா ஸ்கர் தலைமையிலான குழு, பெண்களின் உடம்பில் சிறு ஒளிப்புள்ளிகளை ஒட்டி, ஓடுபொறியில் ஓடவிட்டு, கேமராக்களால் இந்த அசைவை அளந்தது. மேலும் கீழும் மட்டுமே அசைகிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். பக்கவாட்டிலும், முன்னும் பின்னும்கூட அசைகிறது என்று தெரிந்தது. மூன்றையும் சேர்த்தால் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் வண்டியில் எட்டுப் போடுகிற மாதிரி ஒரு தடம். மொத்த அசைவில் ஏறக்குறைய பாதிதான் மேல்கீழ். தாங்கல் எதுவும் இல்லாவிட்டால் பெரிய மார்பகம் 15 சென்டிமீட்டர் வரை நகரக்கூடும். சிறிய மார்பகமும் சும்மா இருப்பதில்லை, அதுவும் நாலு சென்டிமீட்டர் அசைகிறது.

இன்னொரு விஷயமும் அந்த ஆய்வகத்தில் தெரியவந்தது. மெதுவாக ஓடினால் போதும், அசைவு தன் உச்சத்துக்கு அருகே போய்விடுகிறது. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. "நான் என்ன ஒலிம்பிக்ஸா ஓடப் போறேன், மெதுவாத்தானே ஓடறேன், எனக்கெதுக்கு தனியா ஒரு பிரா" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி எவ்வளவு பேருக்கு? 2012 லண்டன் மாரத்தானில் ஓடப் பதிவு செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதே குழு கேட்டது. மூன்றில் ஒருவருக்கு மார்பக வலி இருந்தது. மார்பின் அளவு கூடக்கூட அந்த விகிதமும் கூடியது. 42 கிலோமீட்டர் ஓடத் துணிந்தவர்களின் கணக்கு இது. வலிக்கிறது என்று முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள். என்னைப் போல மரத்தடியில் உட்கார்ந்தவர்களும்தான்.

இதற்கென்று ஓர் உடை பிறந்த கதை 1977இல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்குகிறது. லிசா லிண்டால் என்ற பெண் தினமும் ஓடுகிறவர். அவருடைய சகோதரியும் ஓடத் தொடங்கி, வலி தாங்காமல் போன் செய்து, ஆண்களுக்கு விளையாடும்போது போட்டுக்கொள்ள ஜாக்ஸ்ட்ராப் இருக்கிறதே, நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை என்று கேட்டார். லிசாவின் சிறுவயதுத் தோழி பாலி ஸ்மித் நாடகத்துக்கு உடை வடிவமைப்பவர். ஹிண்டா மில்லர் அவருடன் வேலை பார்த்தவர். மூவரும் சேர்ந்து எத்தனையோ துணிகளை வெட்டித் தைத்துப் பார்த்தார்கள், எதுவும் சரிவரவில்லை. கடைசியில் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்புகளை வாங்கி, பிரித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். இடுப்பு எலாஸ்டிக் விலாவைச் சுற்றும் பட்டையானது, கால் பட்டைகள் முதுகில் குறுக்கே போயின. லிசா அதைப் போட்டுக்கொண்டு ஓடினார், குலுக்கம் நின்றது. முதலில் ஜாக்ஸ்ட்ராப்பிலிருந்து ஜாக்பிரா (Jockbra) என்று பெயர் வைத்து, பிறகு ஜாகிங் என்ற சொல்லிலிருந்து ஜாக்‌பிரா (Jogbra) என்று விற்றார்கள். 1979இல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆரம்பகால பிராக்கள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2022இல் மூவரும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த மூவருக்கும் என் வணக்கம். ஆனால் அந்த வடிவத்தில் ஒரு குறை உண்டு. அது அமுக்குகிற வகை. இரண்டு மார்பகங்களையும் ஒன்றாகச் சேர்த்து நெஞ்சோடு அழுத்தும். சிறிய, நடுத்தர மார்புக்கு அது போதும். பெரிய மார்பை ஒரே மூட்டையாகக் கட்டினால் மூட்டை முழுவதும் சேர்ந்து குலுங்கும், நடுவில் வியர்வை தேங்கும். பெரிய மார்புக்கு வேண்டியது ஏந்துகிற வகை. ஒவ்வொரு மார்பகத்துக்கும் தனித்தனிக் கிண்ணம், அதற்கு மேல் ஓரளவு அழுத்தம். ஆஸ்திரேலியாவின் வொல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் டியர்ட்ரி மக்கீ, ஜூலி ஸ்டீல் இருவரும் 2010இல் இதை ஆராய்ந்தார்கள். மார்பகத்தைச் சற்று உயர்த்தி, கூடவே அழுத்தியும் பிடித்தால் ஓடும்போது ஏற்படும் சங்கடம் குறைகிறது என்று கண்டார்கள். இவ்வளவு இறுக்கமாகப் போட்டால் மூச்சு முட்டாதா என்ற கேள்விக்கும் 2005இலேயே அதே பல்கலைக்கழகம் விடை தேடியது. ஸ்போர்ட்ஸ் பிரா மூச்சுவிடுவதைக் குறிப்பிடும்படியாகத் தடுக்கவில்லை.

பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்ற பேச்சும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதையும் அது காணவில்லை.

அறிவியல் இத்தனை தூரம் வந்துவிட்டது. கடைக்குப் போனால்தான் சிக்கல். நான் போன கடையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு நாப்பது போட்டா ஃப்ரீயா இருக்கும்க்கா" என்றாள். டேப் எடுக்கவில்லை. பல வருடமாக 40 பி போட்டுக்கொண்டிருந்தவள்தான் நானும். வீட்டுக்கு வந்து தையல் பெட்டியிலிருந்த இன்ச் டேப்பை எடுத்தேன். மார்பகத்துக்குக் கீழே, விலாவைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டுவிட்டு இறுக்கிப் பிடித்தால் 34 அங்குலம். சற்று முன்னால் குனிந்து, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றித் தளர்வாகப் பிடித்தால் 39. விலாவின் அளவுதான் பட்டை எண், அதாவது 34. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிண்ணத்தின் எழுத்து. ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி, ஐந்துக்கு டபுள் டி. நான் போட வேண்டியது 34 டபுள் டி. பட்டையில் ஆறு அங்குலம் கூடுதலாக இத்தனை காலம் போட்டிருக்கிறேன்.

இந்தத் தவறு எப்படி வலியாகிறது என்று பாருங்கள். மார்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது விலாவைச் சுற்றும் பட்டை. பட்டை தளர்ந்திருந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறிவிடும், முன்பக்கம் சரியும். சரிந்த பாரம் முழுவதும் தோள் பட்டைகளில் தொங்கும். பல பெண்களின் தோளில், ஜாக்கெட்டைக் கழற்றினால், இரண்டு பக்கமும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். என் அம்மாவுக்கு இருந்தது. வயசானா அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தார்.

எண்ணும் எழுத்தும் கடைக்குள் நுழைய ஒரு வழி, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனத்தின் வெட்டும் வேறு. போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. புதிதாக வாங்கும்போது கடைசி ஹூக்கில், அதாவது தளர்வான ஹூக்கில் மாட்டினாலே இறுக்கமாக இருக்க வேண்டும். நாள்பட எலாஸ்டிக் தளரும்போது உள்ளே தள்ளி மாட்டிக்கொள்ளலாம். இரண்டு கிண்ணத்துக்கும் நடுவிலுள்ள பகுதி நெஞ்செலும்பில் படிந்து உட்கார வேண்டும். மேலேயோ அக்குளிலோ சதை பிதுங்கினால் கிண்ணம் சிறிது. கம்பி இருந்தால் அது விலாவில் உட்கார வேண்டும், மார்பகத்தின்மேல் ஏறக் கூடாது. தோள் பட்டைகள் அகலமாக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இருக்கட்டும். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், பட்டை இடத்தைவிட்டு ஏறுகிறதா? பிறகு அந்தச் சின்ன அறைக்குள்ளேயே பத்துத் தடவை குதியுங்கள். வெளியே நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. குதித்துப் பார்க்காமல் வாங்கிய இரண்டு பிராக்கள் பீரோவில் கிடக்கின்றன, அதனால் சொல்கிறேன். தலைவழியாக மாட்டும் வகை வியர்வையில் நனைந்தபின் கழற்ற முடியாமல் கையை முறுக்கும். பின்னால் ஹூக்கோ முன்னால் ஜிப்போ இருந்தால் பெரிய மார்புள்ளவர்களுக்கு நல்லது.

நம் கடைகளில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்றே அளவு தொங்குவதுதான் எனக்கு ஆற்றாமை. இலங்கையின் ஆடை ஆலைகள் உலகத்தின் பெரிய பிராண்டுகளுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா தைத்து அனுப்புகின்றன. திருப்பூரின் பின்னலாடை போகாத நாடு இல்லை. தைக்கிற கைகள் நம் பெண்களுடையவை, அவர்களுக்கே சரியான அளவு கிடைப்பதில்லை. கிண்ண அளவு சொல்லிக் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் கடைக்காரர் வரவழைப்பார். அதுவரை, சரியாகப் பொருந்தும் கிண்ண பிராவுக்கு மேல் அமுக்குகிற பிரா ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். நான் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஓடினேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மார்பகத்தின் அடி மடிப்பு சீக்கிரம் புண்ணாகும். நனைந்த பிராவோடு சமையலறைக்குள் போய்விடாமல் உடனே கழற்றி, மடிப்பை ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். சிவந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிராவைக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். துணி மென்மைக்காக ஊற்றும் கண்டிஷனர் எலாஸ்டிக்கைக் கெடுக்கும்.

ஓடவே முடியவில்லை என்றால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். கால் தரையில் படாத ஆழத்தில் மிதவை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடும்போது சங்கடம் குறைவதையும் வொல்லாங்காங் குழு பதிவு செய்திருக்கிறது. கழுத்தும் முதுகும் ஓயாமல் வலிக்கிறவர்களுக்கு மார்பக அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் பதினேழு வயதில் அதைச் செய்துகொண்டு, பின்னாளில் விம்பிள்டன் வென்றார். அது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஓடாத நாளிலும் ஒரே பக்கம் வலி நீடித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

போர்ட்ஸ்மத் குழு இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 பள்ளி மாணவிகளிடம் கேட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பேர் தங்கள் மார்பகம் விளையாட்டில் கலந்துகொள்வதைப் பாதிக்கிறது என்றார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்போர்ட்ஸ் பிராவைப் போட்டதே இல்லை. 87 சதவீதம் பேர் மார்பகத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். யாராவது சொல்லித்தர மாட்டார்களா என்று அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கேட்கக்கூட மாட்டார்கள்.

அம்மாக்கள், மகளுக்கு விளையாட்டு ஷூ வாங்கப் போகிற அன்றைக்கே ஸ்போர்ட்ஸ் பிராவையும் டேப் வைத்து அளந்து வாங்கிக் கொடுங்கள். பி.டி. டீச்சர்களிடம் ஒரு வேண்டுகோள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று மரத்தடியில் போய் உட்கார்ந்தால், தனியே கூப்பிட்டு, ஓடும்போது வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.