சிடுசிடுப்பு எங்கிருந்து வந்தது?

பொழுது விடிந்ததும் மாதனூர் பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூட்டம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

அவர்களில் ஒருத்திக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 2 வயது. அடுத்தது இப்போது வேண்டாம் என்று கருத்தடை மாத்திரை சாப்பிடத் தொடங்குகிறாள்.

இரண்டு மாதம் ஆகிறது. தொட்டதற்கெல்லாம் எரிச்சல்! கணவன் அருகில் வந்தாலும் விருப்பம் இல்லை. "இவளுக்கு என்ன வந்தது?" என்கிறார் மாமியார். கணவன் மனதிலோ வீண் சந்தேகம்.

குற்றம் அவளுடையது அல்ல. மாத்திரையின் வேலையாக இருக்கலாம்!

மூளை நிறுத்தும் உத்தரவு

அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுப்பது 'மாலா-என்' மாத்திரை. ஓர் அட்டையில் 28 இருக்கும். அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரைகள். மீதி 7 இரும்புச் சத்து.

ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. உடனே மூளை, கருமுட்டையை வெளியே அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. அதனால் கரு தங்குவதில்லை.

கோபமும் ஆசையும் பிறப்பது அதே மூளையில்தான். அங்கும் ஹார்மோன் கை வைக்கிறது. ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கும் டெஸ்டோஸ்டிரோன், பெண் உடலிலும் சிறிது உண்டு. மாத்திரை அதையும் குறைக்கிறது.

340 பெண்கள்

ஸ்வீடன் நாட்டில் 340 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்த டாக்டர்களுக்கே தெரியாது!

நிஜ மாத்திரையில் இருந்தவை மாலா-என்னில் உள்ள அதே இரண்டு ஹார்மோன்கள், அதே அளவு.

3 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உற்சாகம் சற்றுக் குறைந்திருந்தது. தாம்பத்திய ஆசையும் குறைந்திருந்தது. ஆனால் மனச்சோர்வு நோய் கூடியதாகத் தெரியவில்லை. முடிவுகள் 2016, 2017-ல் வெளியாயின.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பல பெண்கள் எந்த மாறுதலும் இல்லாமல் வருஷக் கணக்கில் சாப்பிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

சண்டை போட்டுக்கொண்டு மாத்திரையைக் குப்பையில் வீசக் கூடாது. வேறு ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் கரு தங்கிவிடும்!

ஹார்மோன் இல்லாத வழிகளும் உண்டு. ஒன்று காப்பர்-டி. இன்னொன்று, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த 'சாயா' மாத்திரை. முதல் 3 மாதம் வாரம் இரண்டு. பிறகு வாரம் ஒன்று. கணவன் ஆணுறை அணிந்தால் மனைவிக்கு மாத்திரையே வேண்டாம்.

எரிச்சல் வந்த நாட்களைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போனால், நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொல்வது எளிது. கணவனும் கூடப் போகலாம்.