பொற்காசு நிழற்படங்களின் தகுதி

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கியவன் முதலாம் இராசேந்திரன். 'கங்கைகொண்ட சோழன்' என்னும் அவன் பட்டப்பெயர், கோதாவரிக் கரைத் தவளேசுவரத்திற் கிடைத்த பொற்காசுகளிற் காணப்படுகின்றது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1966-இல் அத்தொகுதி பற்றிய ஆய்வினை வெளியிட்டது. காசுகளை நேரிற் கண்டார் சிலரே; ஏனையோர் நிழற்படத்தையே நம்பிப் படிக்கின்றனர். ஆதலின் படத்தின் தகுதியை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பொன் ஒளியை மீள எறிவது. நேர்முகமாக விளக்கைப் பாய்ச்சின் காசு பொலியும், எழுத்து மறையும். அழகிய படமென்று பலரும் போற்றுவது பெரும்பாலும் இதுவே! பக்கத்தினின்று தாழ்ந்து விழும் ஒளியே மேடுபள்ளத்தைக் காட்டும். அதுவும் படத்தின் மேற்புறத்தினின்று வருதல் வேண்டும்; கீழ்ப்புறத்தினின்று வருமாயின் குழிந்த முத்திரை புடைத்ததாகத் தோன்றும்.

அதே தொகுதியில் 'மலைநாடுகொண்ட சோழன்' என்னும் பெயரும் உண்டு. முன்னெழுத்துக்கள் தேய்ந்த காசில் இரண்டனுள் எப்பெயர் என்பதை ஒரு கீறலின் நிழலே முடிவு செய்துவிடக்கூடும். சோழர்கால எழுத்தில் ரகரமும் காலும் ஒத்த வடிவின. புள்ளியும் பெரும்பாலும் இடப்பெறாது. எனவே இருதிசை ஒளியில் எடுத்த இருபடங்கள் இல்லாதவழி அப்பாடம் ஐயத்திற்குரியதே. அளவுகோலும் எடையும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும். பழைய காசுப் பட்டியல்கள் சில, காசையன்றி அதன் சுதையச்சைப் படம்பிடித்தன. அதில் மினுக்கமின்றி எழுத்துத் தெளியும், பொன்னின் நிறம் மட்டும் புலப்படாது.