சர்வர் விளக்குகள் கூறும் செய்தி

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் துணி வாங்கியவர் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார். கடைக்காரருக்கு அது நொடியில் வந்து சேர்கின்றது. நகரின் வேறொரு மூலையில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட சர்வர் என்னும் கணினிகளே இக்கணக்கை முடித்து வைக்கின்றன. சிங்கப்பூரில் இத்தகைய தரவு நிலையங்கள் எழுபதுக்கும் மேல் உள்ளன. 2020-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மின்சாரத்தில் 7 விழுக்காட்டை இவை உட்கொண்டன.

இச்சர்வர்களுக்குப் பெரும்பாலும் தனித்தனித் திரையில்லை. முகப்பிலுள்ள சிறு விளக்குகளே அருகில் நிற்பவருக்கு அவற்றின் நிலையை உணர்த்துகின்றன.

பச்சை நலத்தின் அறிகுறி. தரவைச் சேமிக்கும் வட்டின் பச்சை விளக்கு மின்னி மின்னி எரிவதைக் கண்டு புதியவர் அஞ்சுவதுண்டு, அச்சம் வேண்டுவதில்லை. வட்டு எழுதுகிறது அல்லது படிக்கிறது என்பதே அதன் பொருள்.

செம்மஞ்சள் மனிதனை அழைக்கும் நிறம். ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதி வைப்பது வழக்கம். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்றைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். வெளியே எவருக்கும் குறை தெரியாது. அச்சிறு விளக்கைப் புறக்கணித்திருக்க, இரண்டாம் வட்டும் கெட்டால் தரவே அழிந்துபோகும்.

நீலம் பெரும்பாலும் அடையாளத்திற்கு உரியது. ஒன்றுபோல் தோன்றும் நூறு சர்வர்களிடையே பழுதானதை விட்டு, நல்லதன் கம்பியைப் பிடுங்கிவிடுதல் எளிது. முன்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால், பின்புறத்திலும் நீல விளக்கு எரிந்து இடத்தைக் காட்டும். இந்நிறம் காலத்தால் பிந்தியது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி டையோடை 1962-இல் ஹோலோன்யாக் அமைத்தார். ஒளிமிக்க நீல டையோடு 1990-களிலேயே ஜப்பானில் உருவாயிற்று. அதற்காக மூவர்க்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் நிறங்களின் பொருள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றன்று. சிலவற்றில் நிலையான நீலமே நலத்தைக் குறிக்கும். ஆகவே கையேட்டைப் படித்தறிதல் இன்றியமையாதது.

விளக்கின் அறிவுக்கும் எல்லையுண்டு. தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு மாதமே இருந்த 2023 அக்டோபர் 14 அன்று, டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டன. அவை பயன்படுத்திய தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் பணியின்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி தவறான கட்டளை சென்றது. அறையின் வெப்பம் ஏறிற்று. பணம் செலுத்தவும் எடுக்கவும் மக்கள் செய்த ஏறத்தாழ 25 இலட்சம் முயற்சிகள் நிறைவேறாமற் போயின.

வெப்பம் மிகுந்தால் சர்வர் செம்மஞ்சள் காட்டும். எங்கோ மூடிக்கிடக்கும் வால்வை அது காட்டாது. ஒரு சர்வர் மட்டும் நிறம் மாறினால் குறை பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கும். வரிசை முழுவதும் மாறினாலோ, குளிர்காற்றிலும் நீரிலும் மின்சாரத்திலும் தேட வேண்டும். விளக்கு இடத்தைக் காட்டும். காரணத்தைக் காண்பது மனிதன் கடமை.