தேர்வு எழுதக் கம்ப்யூட்டர் வேண்டும்: கல்லூரியில் கேட்பது எப்படி?

எனக்குப் பார்வை மிகவும் குறைவு. பி.ஏ. வரலாறு படிக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்குக் கண்ணாக இருப்பது என்விடிஏ. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் இது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய இலவச சாப்ட்வேர். தமிழும் படிக்கும். குரல் ரோபோ பேசுவது போல இருக்கும். சில நாட்களில் பழகிவிடும்.

முதல் செமஸ்டரில் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். எழுதியதை நானே படித்துத் திருத்த வழியில்லை. அடுத்த தேர்வை நானே டைப் செய்ய விரும்பினேன். "ஆள்தான் தருகிறோமே, கம்ப்யூட்டர் எதற்கு?" என்றார்கள். வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிட்டு, முதல்வருக்குக் கடிதம் எழுதினேன்.

கடிதத்தில் என்ன எழுதலாம்?

"உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் புரியாது. நான் கேட்டவை நான்கு:

1. பாடக் குறிப்புகள் யூனிகோட் ஃபைலாக வேண்டும். ஸ்கேன் செய்த பக்கம் கம்ப்யூட்டருக்கு வெறும் படம்தான். பாமினி போன்ற பழைய ஃபாண்ட் என்றால் கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கோ ஆங்கில எழுத்துக்குவியல்.

2. தேர்வுக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர், அதில் என்விடிஏ, ஹெட்போன், தனி அறை. இன்டர்நெட் இணைப்பு வேண்டாம்.

3. கூடுதல் நேரம். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று இருந்தது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகும்.

4. முந்தைய நாளே கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்க அனுமதி. இதுவும் அதே நெறிமுறைகளில் இருந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 17-வது பிரிவு, தேர்வு முறையில் தகுந்த மாற்றங்கள் செய்யச் சொல்கிறது. அதையும் குறிப்பிட்டு, அடையாள அட்டை நகலை இணைத்தேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டேன்.

பென் டிரைவில் ஒரு டெமோ

என்விடிஏவை இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். இன்சர்ட் + என் அழுத்தி, டூல்ஸ் மெனுவில் கிரியேட் போர்ட்டபிள் காப்பியைத் தேர்ந்தெடுங்கள். அப்படித் தயாரித்த பென் டிரைவை அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகி, அவர்கள் முன்னாலேயே ஒரு பத்தி டைப் செய்து, படிக்க வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம்தான். அனுமதி கிடைத்தது.

தேர்வுக்கு முந்தைய நாள் சோதித்தபோது தமிழ்99 விசைப்பலகை அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. லேப் உதவியாளர் உடனே சேர்த்துத் தந்தார். மறுநாள் தெரிந்திருந்தால் ஒரு தேர்வே போயிருக்கும்! தேர்வன்று எழுதி முடித்து, வரி வரியாகக் கேட்டு, ஒரு பதிலில் இன்னொரு பத்தியும் சேர்த்தேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் என் போன்ற மாணவர் இருந்தால், அவருடைய பாடத்தில் பத்துப் பக்கம் யூனிகோடில் டைப் செய்து கொடுங்கள். உங்களுக்குத் தமிழ் டைப்பிங் பழகும். அவருக்குப் பாடம் படிக்கக் கிடைக்கும்.