முகப்பருவும் மூன்று மாதப் பொறுமையும்

சென்ற தை மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்காகத் தேவிகுளம் போயிருந்தேன். மூன்று தலைமுறையாக எங்கள் உறவினர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நானும் அந்த லயத்தில் பிறந்து, பிழைப்புக்காக எர்ணாகுளம் இறங்கியவள்தான். விசேஷ வீடு கலகலவென்று இருந்தது. ஆனால் தங்கை முறையாகும் ஒருத்தியின் மகள், பிளஸ் டூ படிப்பவள், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

"என்னன்னு கேளுங்கக்கா. பரு வந்ததுலேர்ந்து பள்ளிக்கூடம் போகவே அழுகுறா. ஒரு ட்யூப் வாங்கிக் குடுத்தோம். போட்டா நல்லாயிருக்கு, விட்டா முன்னைவிட மோசமாயிருது" என்றாள் தாய்.

ட்யூபைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'பெட்டாமெத்தசோன்' என்று இருந்தது. அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு கடையில் வாங்கி, ஏழு மாதமாகத் தினமும் இரண்டு வேளை அந்தப் பிள்ளையின் முகத்தில் தடவி வந்திருக்கிறார்கள். கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, நரம்பு தெரிந்தது. பருவும் போகவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில், மலையிலும் சரி, பட்டணத்திலும் சரி, நடப்பதுதான். ஆகவே முகப்பருவைப் பற்றி நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

பரு ஏன் வருகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். பரு அழுக்கினால் வருவதில்லை. கெட்ட பழக்கத்தாலும் வருவதில்லை. நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கூடும்போது இந்தச் சுரப்பிகள் அதிகமாக எண்ணெய் சுரக்கின்றன. அதே சமயம் துவாரத்தின் உட்புறத்தில் உதிர்ந்த தோல் செல்கள் வெளியேறாமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அடைப்பின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு நிறம் அழுக்கு அல்ல. காற்றுப் பட்டு மாறிய நிறமே. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது.

அடைபட்ட இடத்தில், எல்லோர் தோலிலும் வாழ்கிற ஒரு கிருமி பெருகி வீக்கத்தை உண்டாக்குகிறது. சிவந்த கட்டி, சீழ்க்கட்டி எல்லாம் இதன் விளைவே. பதின்ம வயதினரில் பத்தில் எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். சிலருக்கு முப்பது வயது தாண்டியும் தொடரும். தாய் தந்தைக்கு அதிகமாக இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

மலையில் ஒருவிதம், கீழே ஒருவிதம்

தேவிகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகின்றன. கொழுந்து எடுக்கும் பெண்களின் முகமும், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளின் முகமும் தெரியாமலே கறுப்பது இதனால்தான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகும்.

குளிருக்காக விறகடுப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் போட்டு முகத்தையும் அதிலேயே கழுவுகிறோம். தோல் வறண்டு இழுக்கிறது. உடனே தேங்காய் எண்ணெயை முகத்தில் தடவுகிறோம். தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கும் தன்மை உள்ளது. தலைக்கு வழிய வழிய வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கினாலும் அங்கே பொடிப் பொடியாகப் பரு கிளம்பும். முடிக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவாக வைத்து, நெற்றியில் படாமல் வாரிக் கட்டுங்கள். பருத் தொல்லை உள்ளவர்கள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுவது இன்னும் நல்லது. தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது துவைத்து மாற்றுங்கள்.

இதே பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் கொச்சி, கோயம்புத்தூர் என்று இறங்கும்போது கதை மாறுகிறது. கீழே புழுக்கம், வேர்வை, ஹெல்மெட் வார் உராய்வு. மலையில் ஒத்துக்கொண்ட கெட்டி க்ரீம் அங்கே ஒத்துக்கொள்வதில்லை. ஊர் மாறினால் முகப் பராமரிப்பும் மாற வேண்டும். கீழே வந்தவர்கள் கெட்டி க்ரீமை விட்டு, ஜெல் போன்ற மெல்லிய பூச்சுக்கு மாறிக்கொள்ளட்டும்.

அடுக்களை வைத்தியம்

கடலை மாவு, பயத்தம் மாவு பூசிக் கழுவுவதால் பெரிய கேடு இல்லை. ஆனால் பரு உள்ள முகத்தில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பற்பசை பூசுவது தோலை எரிக்கும், பரு போகாது. எல்லாவற்றிலும் பெரிய கேடு நகத்தால் கிள்ளுவது. இன்று கிள்ளியது இரண்டு நாளில் ஆறலாம். குழி ஆயுளுக்கும் நிற்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில், வடை பஜ்ஜியைவிடச் சர்க்கரையையே ஆய்வாளர்கள் அதிகமாகச் சந்தேகிக்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. நாளைக்கு ஆறேழு கட்டஞ்சாயா குடிக்கும் நம் வீடுகளில் சர்க்கரையைக் குறைத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தினசரிச் செய்ய வேண்டியவை

1. காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான ஃபேஸ் வாஷ் கொண்டு முகம் கழுவுங்கள். வேலை முடிந்து வேர்வையோடு வந்தால் இன்னொரு முறை கழுவலாம். துணி துவைக்கும் சோப்பும், சொரசொரப்பான ஸ்க்ரப்பும் வேண்டாம். அடிக்கடி கழுவினால் எண்ணெய் சுரப்பது நிற்காது, தோல்தான் புண்ணாகும்.

2. எண்ணெய்ப் பசை முகத்துக்கும் ஈரப்பதம் வேண்டும். 'துவாரத்தை அடைக்காதது' என்ற பொருளில் 'நான்-காமிடோஜெனிக்' என்று அட்டையில் எழுதியிருக்கும் லேசான மாய்ஸ்சரைசரை வாங்குங்கள்.

3. காலையில் வெளியே போகுமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஜெல் வகை சன்ஸ்கிரீன் பூசுங்கள். தோட்டத்தில் வேலை செய்வோர் அகன்ற தொப்பியும் போட வேண்டும்.

4. இரவில் மருந்து. இது டாக்டரைக் கேட்டுத்தான்.

மருந்துகள் என்னென்ன?

லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு நல்ல மருந்து. துணியில் பட்டால் சாயம் போய்விடும், கவனம். அடைப்பைத் திறக்க அடாபலீன் ஜெல் கொடுப்பார்கள். இது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. பருவின் தலையில் மட்டும் வைப்பது தவறு. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லிதாகப் பூச வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் தோல் உரியும், லேசாக எரியும். பயந்து நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நம் வீடுகளில் பத்து நாள் பார்த்துவிட்டு, "இது கேட்கல, வேற வாங்கு" என்று மாற்றிவிடுகிறோம். அடுத்தது இன்னொன்று. கடைசியில், பத்தே நாளில் முகத்தைப் பளபளப்பாக்கும் ஒரு ட்யூப் கைக்கு வந்துசேர்கிறது. ஆபத்து தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பத்து நாள் பளபளப்பின் விலை

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். சில தோல் நோய்களுக்கு டாக்டர் சொன்ன காலம்வரை பூசினால் நல்ல மருந்துகள்தாம். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பெண் பிள்ளைகள் முகத்தில் முடி வளரும், புதிய பருக்களும் வரும். நிறுத்தினால் முகம் எரிவதால் மறுபடியும் அதையே பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்த பிறகு, 2018ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது, வாங்குகிற நாமும் மாற வேண்டும்.

இன்னொரு ஆபத்து பாதரசம். பருத் தழும்பு மறையும், நிறம் கூடும் என்று சொல்லி விற்கப்படும் சில க்ரீம்களில் அது கலந்திருக்கிறது. நம் கேரளத்திலேயே, மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்! முகத்தில் பூசியது சிறுநீரகத்தைப் பிடித்தது. 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அன்பாகக் கொண்டுவரும் பெட்டியிலும் இத்தகைய டப்பாக்கள் இருக்கலாம். தயாரித்தவர் முகவரி, கலந்துள்ள பொருள்களின் பட்டியல், லைசென்ஸ் எண் மூன்றும் இல்லாத க்ரீமை யார் கொடுத்தாலும் முகத்தில் பூசாதீர்கள்.

டாக்டரிடம் எப்போது?

ஆழமான வலியுள்ள கட்டிகள், குழி விழும் தழும்பு, மூன்று மாதமாகியும் குறையாத பரு இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், மோவாயில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையா என்று சோதிக்க வேண்டும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. கர்ப்பத்தில் உள்ள குழந்தைக்கு இது பெருங்கேடு செய்யும் என்பதால், இதைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

மலையிலிருந்து போகிறவர்களுக்குத் தேனி, கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். ஆனால் ஏழு மாதம் வாங்கிய ட்யூபுகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பயணம் முடியாதவர்கள் 'இ-சஞ்சீவனி' என்னும் அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவை வழியாக முதலில் ஒரு டாக்டரிடம் பேசலாம்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மறு வாரமே தாயும் மகளும் போடி வழியாகத் தேனிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். முதல் மாதம் முகம் இன்னும் மோசமாக, தினமும் அழுகை. தாய் எனக்குப் போன் போட்டு, "அக்கா, பழைய ட்யூபையே போட்டுரட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். "வேண்டாம்மா, இன்னும் கொஞ்சம் பொறு" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. நான்காம் மாதம் சிவப்பு தணிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் துப்பட்டா தோளுக்கு இறங்கிவிட்டது. கல்லூரி விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்னடி முகமெல்லாம் இப்படி?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவே கேட்காதீர்கள். "யார் உன்னைக் கட்டுவான்?" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் பிள்ளைகளை ட்யூப் தேடி ஓட வைக்கிறது. அவர்களுக்கு மூன்று மாதப் பொறுமையைச் சொல்லிக் கொடுங்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து பொறுத்திருப்போம்.