குளிர்நாட்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

குளிர்நாட்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. குளிர் எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு திடீரென வந்தது, எவ்வளவு கடுமையானது என்பவற்றைப் பொறுத்து அவை வேறுபடும். நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையின் குளிரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை இங்கே காணலாம்.

பருவம்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். கொல்லிமலை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும். ஆகவே மார்கழியில் அங்கு குளிர்வது இயல்பே. இந்த வழக்கமான குளிருக்கு 'விண்டர்' அல்லது 'கோல்டு வெதர்' என்ற சொல்லே போதும்.

குளிர்நாட்கள்

கோல்டு ஸ்பெல்: வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிரும் சில நாட்களின் தொடர்ச்சி. இங்கு 'ஸ்பெல்' என்பது எழுத்துக்கூட்டலும் அன்று, மந்திரமும் அன்று. தொடர்ந்த ஒரு கால அளவு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் தொடர்ந்து வீசும் ஓவர்களை 'ஸ்பெல்' என்பதும் இப்பொருளில்தான்.

கோல்டு ஸ்னாப்: திடீரென வந்து விரைவில் நீங்கும் குளிர். குச்சி பட்டென்று ஒடிவதையும் 'ஸ்னாப்' என்பர்.

கோல்டு வேவ்: குளிர் அலை. இது வானிலைத் துறையின் கலைச்சொல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, குறைந்தபட்ச வெப்பநிலை சமவெளியில் 10 பாகை, மலைப்பகுதியில் 0 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அத்துடன் இயல்பைவிட 4.5 முதல் 6.4 பாகை வரை குறைந்திருக்க வேண்டும். அதற்கும் மேல் குறைந்தால் அது கடும் குளிர் அலை. கொல்லிமலையில் வெப்பநிலை பொதுவாக 0 பாகைக்கு இறங்குவதில்லை. எனவே அங்குள்ள குளிர் எவ்வளவு நடுக்கினாலும் அதை 'கோல்டு வேவ்' என எழுதுவது பொருந்தாது.

பனி

மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது 'பனி' என்ற சொல்லில்தான். தமிழில் ஒரு சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் உண்டு.

டியூ: காலையில் புல்நுனியில் நிற்கும் பனித்துளி.
மிஸ்ட்: மெல்லிய மூடுபனி.
ஃபாக்: 1 கிலோமீட்டருக்கு அப்பால் பார்வையை மறைக்கும் அடர்ந்த மூடுபனி.
ஃப்ராஸ்ட்: புல், இலை மீது வெண்மையாகப் படியும் உறைபனி. உதகையில் குளிர்காலத்தில் காணலாம்.
ஸ்னோ: வானிலிருந்து விழும் வெண்பனி. இமயமலையில் பொழிவது.

ஆகவே 'கொல்லிமலையில் பனி பெய்கிறது' என்பதை 'ஸ்னோ' என மொழிபெயர்த்தால், படிப்பவர் மனத்தில் காஷ்மீர் தோன்றும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியோட்டியின் கண்ணை மறைப்பது 'ஃபாக்'. காலையில் காலை நனைப்பது 'டியூ'.

சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

'நாலு நாளாக வழக்கத்துக்கு மேல் குளிருது' என்றால் கோல்டு ஸ்பெல். 'நேற்று திடீரென்று குளிர்ந்தது, இன்று விட்டுவிட்டது' என்றால் கோல்டு ஸ்னாப். வானிலைத் துறை அறிவித்தால் மட்டுமே கோல்டு வேவ்.