குப்பையில் ஒரு ராஜ்ஜியம்



ஆடிக் கிருத்திகை முடிஞ்ச மறுநாள் நம்ம மலை அடிவாரத்தைப் பார்த்திருக்கீங்களா? காவடிப் பூ, பாட்டில், தட்டு, வளையல் கடை வாசலில் உடைஞ்ச வளையல் துண்டு என்று எங்கே பார்த்தாலும் குப்பைதான். எங்க நைனா அன்னைக்குக் காலையிலேயே மூணு சக்கர வண்டியோடு போய்விடுவார். பழைய இரும்பு, பாட்டில், பேப்பர் எடுப்பதுதான் அவர் தொழில். போன வருஷம் வரைக்கும் இதை நான் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நேக் சந்த் என்ற ஒருவரைப் பற்றிச் சமூக அறிவியல் டீச்சர் சொன்னதுதான் காரணம். அவர் கதையை நீங்களும் கேளுங்கள்.

யார் இந்த நேக் சந்த்?

நேக் சந்த் 1924-ல் பஞ்சாபில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1947-ல் நாடு பிரிந்தபோது அவர் ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. நம்ம திருத்தணிகூட எல்லை மாறிய ஊர்தான். 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் இங்கே கோடுதான் மாறியது, மலையும் வீடும் அப்படியே இருந்தன. எங்க வீட்டில் இன்னைக்கும் தெலுங்குதான் பேசுகிறோம். அவருக்கோ ஊரே இல்லாமல் போய்விட்டது.

லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. அதுதான் சண்டிகர். லெ கொர்புசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் அதைத் திட்டம் போட்டார். அந்த நகரத்தில் 1951-ல் நேக் சந்துக்கு ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது.

ராத்திரியில் நடந்த ரகசிய வேலை

புது நகரம் கட்ட வேண்டும் என்று அங்கே இருந்த கிராமங்களை இடித்தார்கள். உடைந்த ஓடு, பானை, செங்கல், பீங்கான், சைக்கிள் எல்லாம் மலை மலையாகக் குவிந்தன. எல்லோருக்கும் அது குப்பை, அவருக்கு மட்டும் அது பொக்கிஷம்! அதையெல்லாம் தன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு பள்ளத்தில் சேர்த்தார். (சுக்னா ஏரி இயற்கையான ஏரி இல்லை. சிவாலிக் மலையிலிருந்து வரும் ஓடையைத் தடுத்து 1958-ல் உண்டாக்கியது.) ஆற்றங்கரைக்குப் போய் மனுஷன் மாதிரி, பறவை மாதிரி தெரிகிற கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வருவார்.

1957 வாக்கில் ஆரம்பித்தார். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரியில் காட்டு வேலை. வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்தி வைத்துக்கொள்வாராம். சின்ன வயதில் அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகள் அவர் மனதில் இருந்தன. அதனால் அவர் கட்டியதும் ஒரு ராஜ்ஜியம்தான். ராஜா, ராணி, நடனம் ஆடுகிறவர்கள், மேளம் அடிக்கிறவர்கள், குரங்கு, மயில் என்று கூட்டம் கூட்டமாகச் சிலைகள்!

சிலை செய்வது எப்படி?

முதலில் பழைய கம்பியையோ சைக்கிள் பாகத்தையோ வளைத்து எலும்புக்கூடு மாதிரி செய்வார். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்து பூசுவார். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உடைந்த வளையல், பீங்கான் துண்டு இவற்றைப் பதித்துவிடுவார். சிமெண்ட் காய்ந்ததும் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி வளையலின் நிறம் மேலே பூசிய பெயிண்ட் இல்லை, கண்ணாடிக்குள்ளேயே இருப்பது. அதனால் வெயில் மழையில் சீக்கிரம் மங்காது. மின்சார ஃப்யூஸ் பீங்கான்களை வரிசையாகப் பதித்துச் சுவரே கட்டியிருக்கிறார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மாட்டிக்கொண்டார்!

அந்த இடம் காட்டு நிலம். அங்கே யாரும் எதுவும் கட்டக் கூடாது என்பது சட்டம். சுமார் 18 வருஷம் கழித்து, 1975 வாக்கில் அதிகாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குள் அது 12 ஏக்கருக்கு வளர்ந்திருந்தது. சட்டப்படி இடிக்க வேண்டும். வேலையும் போயிருக்கலாம். ஆனால் பார்க்க வந்த ஜனங்கள் அசந்து போனார்கள். 1976-ல் அரசாங்கமே அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பெயர் ராக் கார்டன், அதாவது பாறைத் தோட்டம். அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்து, இதையே முழு நேர வேலையாகச் செய்யச் சொன்னார்கள். 1983-ல் ராக் கார்டன் தபால் தலையில் வந்தது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவரைப் போலவே பிரான்சில் செவால் என்ற தபால்காரர் இருந்தார். 1879-ல் வழியில் ஒரு கல் தடுக்கியதாம். அன்றிலிருந்து கல் பொறுக்கி 33 வருஷம் தனியாகவே ஒரு மாளிகை கட்டினார். இந்த மாதிரி ஆட்களை ஊர் முதலில் பைத்தியம் என்றுதான் சொல்லும், பிறகு டிக்கெட் எடுத்துப் பார்க்கும்!

செய்தது சரியா, தப்பா?

வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. ‘அரசாங்க இடத்தில் கட்டினது தப்புதான். எல்லோரும் இப்படிச் செய்தால் காடு என்ன ஆகும்?’ என்று பாதிப் பேர் கேட்டார்கள். ‘அவர் தனக்கு வீடு கட்டிக்கவில்லையே’ என்று மீதிப் பேர் சொன்னோம். டீச்சர் தீர்ப்பு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் பதில் இதுதான். அவர் செய்தது சட்டப்படி தப்பு. ஆனால் அதை என்ன செய்வது என்று கேட்டபோது ஊர் ‘இருக்கட்டும்’ என்று சொன்னது. 1990-ஐ ஒட்டி ரோடு போடுவதற்காக ஒரு பகுதியை இடிக்க வந்தபோதும் ஜனங்கள் கை கோர்த்து நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்தபோது ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சில பேர் சிலைகளை உடைத்தார்கள். 2015 ஜூன் மாதம் 90 வயதில் அவர் இறந்தார். 2025-ல் போக்குவரத்து வசதிக்காகத் தோட்டச் சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். கட்டுவது ஒருத்தர் கையில் இருக்கலாம், காப்பாற்றுவது எல்லோர் கையிலும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

நம்ம பள்ளிக்குப் பின்னால் உடைந்த ஓடும் டைல்ஸும் கிடக்கின்றன. வேப்ப மரத்தைச் சுற்றி உட்காரத் திண்ணை இல்லை. நேக் சந்த் மாதிரி ரகசியமாக வேண்டாம், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டே செய்வோம். ஆளுக்கு ஒரு பிடி உடைந்த வளையல் கொண்டு வாருங்கள். கையை வெட்டிக்கொள்ளாமல் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். போன வாரம் நைனாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு கோணிப்பையை வாசலில் வைத்தார். திறந்து பார்த்தால், நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பீங்கான் துண்டுகள்! திண்ணைக்கு முதல் மூட்டை எங்க வீட்டிலிருந்து வந்துவிட்டது. மீதியை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி